கறுப்பு மையின் விசை

அச்சிலிருந்து வந்த முதல் ஷீட்டை அவள் கண்ணருகே தூக்கிப் பிடித்தாள்.

இது தையல்நாயகி இல்லை.

நாகசுரம் அதேதான். மூக்குத்தி அதேதான். முகம் மட்டும் பாலில் குளித்துவிட்டு வந்திருந்தது.

சங்கீதப் பத்திரிகையின் மார்கழிச் சிறப்பிதழ். அட்டையில் நாகசுரக் கலைஞர் தையல்நாயகி. அதை வடிவமைத்தவள் அவள். முப்பது வருடமாக அந்த அட்டைக்குக் குங்குமச் சிவப்புதான் பின்னணி. சிவப்பின் மேல் கறுத்த முகம் எடுபடாதாம். அதனால் சிவப்பை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை வெளுப்பார்கள். என்ன நியாயமோ.

போன வருடம் அவளும் வெளுத்தாள், ஒரு மிருதங்கக்காரரை. அட்டை வந்த அன்று அவரிடமிருந்து செல்போனில் ஒரே ஒரு வரி வந்தது.

"படம் நல்லாருக்கு. யாரு இது?"

அந்த வரியை அவள் வருடம் முழுக்க அழிக்காமல் வைத்திருந்தாள்.

இந்த முறை முகத்தில் கை வைக்கவில்லை. பின்னணியை மாற்றினாள். எலுமிச்சை மஞ்சள். அதன் முன்னால் தையல்நாயகியின் கறுப்பு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பார்க்க வைத்தது. ஆசிரியரோடு மூன்று நாள் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினாள். தையல்நாயகிக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள், உங்கள் நிறத்திலேயே வருவீர்கள் என்று.

இப்போது இது.

"எத்திராஜ் அண்ணா, நான் குடுத்த ஃபைல்ல இப்படி இல்லையே?"

இருபது வருடமாக அந்த அச்சு மிஷினை ஓட்டுகிறவர் எத்திராஜ். பெருமையாகச் சிரித்தார்.

"முகம் வர்ற எடத்துல கறுப்பு மையைக் கொஞ்சம் கொறச்சுடுவேம்மா. எல்லா புக்குக்கும் அப்படித்தான். யாரும் சொல்லவே வேணாம்."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

மிஷினை நிறுத்தச் சொன்னாள்.

செல்போன் அடித்தது. ஆசிரியர். மூன்றாவது முறை. வாசலில் பைண்டிங்குக்கு ஏற்றிப்போக வண்டி காத்திருந்தது.

அவள் எடுக்கவில்லை. ஷீட்டை மேசை விளக்கின் கீழே விரித்தாள்.

"உங்க கையை இது பக்கத்துல வைங்கண்ணா."

அவர் தன் கறுத்த கையை மை போகத் துணியில் துடைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வைத்தார்.

"இந்த நிறந்தான் அவங்க. இது வரணும்."

எத்திராஜ் தன் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

போய்க் கறுப்பு மையின் விசையைத் திருப்பினார்.

மிஷின் ஓடியது. பத்து ஷீட், இருபது ஷீட். அவள் கேட்பதற்கு முன்பே ஒன்றை உருவி எடுத்து வந்து விளக்கடியில் விரித்தார். தானாகவே கையை வைத்தார்.

தையல்நாயகி வந்துவிட்டிருந்தாள்.

"போதும்ணா," என்றாள் அவள்.

அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கறுப்பு இன்னும் பத்தலம்மா," என்று விசைப் பக்கம் திரும்பினார்.