பேசாத ஸ்கேனர்

கணவன் ஜெயசீலனின் லாரியில் பழுது கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வாங்க, பெரம்பலூர் கடைக்குத் தனியாகவே வந்திருந்தாள் வளர்மதி.

"இதை எடுத்துக்குங்கக்கா. என்ன பழுதுன்னு தமிழ்லயே பேசும்" என்றார் கடைக்காரர் ராஜராஜன்.

"பேச வேணாம்ங்க. பெரிய எழுத்துல காட்டுறதாக் குடுங்க."

"அண்ணனுக்கு மிஷினே எதுக்குக்கா? ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்ல ஊனி, கைப்பிடியைக் காதுல வச்சா எல்லாத்தையும் சொல்லிடுவாரே."

வளர்மதி சிரித்தாள். கல்யாணமான புதிதில், ஜெயசீலன் சாப்பிட்டுக்கொண்டே, தெருவில் வரும் லாரியின் சத்தத்தைக் கேட்பான். "ரெட்டிபாளையத்து சிமென்ட் லோடு" என்பான். அவள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஒருநாளும் தப்பியதில்லை.

"நேத்தும் அப்படித்தான் காதுல வச்சுப் பார்த்தாருங்க. வண்டி பூ மாதிரி ஓடுதுன்னாரு."

"அப்புறம் என்னக்கா?"

"இன்ஜின் தட்டுன தட்டுல எதிர்வூட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க. அவருக்குத்தான் கேக்கல."

ராஜராஜன் பேசும் ஸ்கேனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பெரிய எழுத்தில் காட்டும் ஒன்றை எடுத்து வைத்தார்.

"நாளைக்கு அவரை அனுப்புறேன். நீங்களாச் சொல்லி விக்கிற மாதிரி இதைக் குடுங்க" என்றாள் வளர்மதி. "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்."