கடைசிக்கு முந்தின இடம்

"ஆன்ட்டி, ப்ளீஸ், இந்தப் புள்ளியியல் மாட்யூலை மட்டும் விட்டுடாதீங்க" என்றான் திலீப். சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியின் அத்தனை இரைச்சலிலும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கெஞ்சினான்.

எதிரே இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்த கமலத்துக்கு அறுபத்தொரு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புக்கிட் மேராவிலிருந்து பஸ் பிடித்து, திலீப் படிக்கும் பல்கலைக்கழகப் புள்ளியியல் வகுப்புக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவார்.

"மண்டையில ஏறலையே தம்பி. மிட்-டேர்ம்ல நாப்பதுக்கு ஒன்பது. போதும்லா, நின்னுடலாம்னு பாக்குறேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

திலீப் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினான். அவன் வாங்கியது பதினொன்று. அவன் விசாரித்த வரையில், வகுப்பில் அவனுக்குக் கீழே இருந்த ஒரே ஜீவன் இந்த அம்மாள்தான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை மார்க் வாங்கினாய் என்பது பேச்சில்லை, எத்தனை பேரைத் தாண்டினாய் என்பதுதான் கணக்கு. எல்லாரையும் மார்க்படி வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்கும் சிலருக்கு ஏ, நடுவில் நிற்கும் கூட்டத்துக்கு பி, அப்புறம் சி, வால்நுனிக்கு டி. ஏ என்றால் ஐந்து புள்ளி, டி என்றால் ஒன்று. எல்லாப் பாடத்துப் புள்ளிகளுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் ஜிபிஏ. திலீப்பின் ஜிபிஏ ஒன்று புள்ளி ஒன்பது. இரண்டுக்குக் கீழே போனதற்காக ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்து, அப்பா கண்ணில் படாமல் மெத்தைக்கு அடியில் கிடக்கிறது. இந்த முறையும் இரண்டைத் தொடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். புள்ளியியலில் சி வந்தால் பிழைப்பான், டி வந்தால் போச்சு.

கமலம் விலகிவிட்டால் வால்நுனி யார்? இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை.

"நம்ம ஆளுங்க ரெண்டே பேர்தான் அந்த கிளாஸ்ல இருக்கோம். நீங்களும் போய்ட்டா எப்படி ஆன்ட்டி? நான் சொல்லித் தர்றேன்" என்று வாய் கூசாமல் சொன்னான். கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவனுக்கு இன்னொரு தோசை வாங்கிக் கொடுத்தார். இனத்தை இழுத்துப் பேசி வாங்கிய அந்தத் தோசையைத் திலீப் வெட்கமில்லாமல் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. வாரம் இரண்டு நாள் சுவா சூ காங்கில் உள்ள தன் வீட்டிலிருந்து ரயில் ஏறித் தேக்காவுக்கு வந்து பாடம் நடத்த வேண்டியதாயிற்று. கமலம் லேசுப்பட்ட மாணவி இல்லை. எதைச் சொன்னாலும் ஏன் என்பார். பஸ் வரச் சராசரி பத்து நிமிடம் என்றால் தனக்கு மட்டும் ஏன் இருபது நிமிடம் ஆகிறது என்று ஒரு நாள் கேட்டார். திலீப் வீட்டுக்குப் போய் இரண்டு அத்தியாயம் புரட்டி, அடுத்த முறை பதில் கொண்டு வந்தான். மானம் போகக்கூடாதே என்று ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே படித்துக்கொண்டு வரும் கொடுமையும் சேர்ந்துகொண்டது. நல்லவனாக நடிப்பதில் இவ்வளவு உழைப்பு இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவர் நன்றாகப் புரிந்துகொண்ட நாட்களில் அவனுக்குத் தூக்கம் வராது. எங்கே தன்னைத் தாண்டிவிடுவாரோ என்று, கடைசி இரண்டு வாரம் வேண்டுமென்றே சுலபமான கணக்குகளாகக் கொடுத்துப் பாராட்டினான்.

தேர்வு பெரிய மண்டபத்தில், பல பாடத்துக்காரர்களோடு சேர்ந்து நடந்தது. அத்தனை தலைகளில் கமலத்தை அவனால் தேட முடியவில்லை. முடிவு வந்தபோது புள்ளியியலில் சி பிளஸ். ஜிபிஏ இரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. திலீப் அறைக்குள்ளேயே குதித்தான். குதித்து முடித்த பிறகுதான், தனக்குப் பதிலாக டி வாங்கியது யார் என்ற நினைப்பு வந்தது. ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கமலத்தின் புக்கிட் மேரா வீட்டுக்குப் போனான்.

"ஆன்ட்டி, நான் நல்லவன் இல்ல" என்றான், செருப்பைக் கழற்றும் முன்பே. "எனக்குக் கீழ ஒரு ஆள் வேணும்னுதான் உங்கள விட வேணாம்னேன். நீங்க டி வாங்குனதாலதான் நான் தப்பிச்சேன். என்ன மன்னிச்சிடுங்க."

கமலம் அவனை விநோதமாகப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு ஏது தம்பி டி? நான் கிரேடுக்கு படிக்கறவ இல்ல, ஆசைக்கு உக்காந்து கேக்க வந்தவ. மிட்-டேர்ம் பேப்பரக்கூட ப்ரொஃபசர்கிட்ட கேட்டு வாங்கிச் சும்மா எழுதிப் பாத்தேன். ஃபைனல் எக்ஸாமுக்கு நான் வரவே இல்லையே. அந்த வரிசையில என் பேரே கிடையாதுப்பா."

திலீப் ஆரஞ்சுப் பையோடு வாசலிலேயே நின்றான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தானே படித்து வாங்கிய ஒரு கிரேடுக்காக அவன் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான்.