தீர்ப்பை வாசித்தவர்

“பஸ்ல ஏறினவங்க வேணாம்னா இறங்கிக்கலாம்ல அப்பா?”

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகன் என்றோ கேட்டது. “தாராளமா இறங்கலாம்டா. பிடிச்சு வைக்க நான் யாரு?” என்று அன்றைக்கு அவர் சிரித்தார்.

இப்போது ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு வீட்டில் படுத்திருந்த பெரியவருக்கு அதை நினைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“அதைக் கேட்டவன் இன்னிக்குப் பெரிய நீதிபதி! நம்ம மாநிலம் தனியாப் பிரிஞ்சு போகச் சட்டத்துல இடமில்லைன்னு ரேடியோவுல வாசிக்கிறான். நாடே கேட்டுச்சு.”

“மொத்தம் அஞ்சு நீதிபதிங்கப்பா,” என்றாள் மகள். “யார் எழுதினாலும் வயசுல சின்னவர்தான் வாசிக்கணும், அது அங்க வழக்கம். யார் எந்தப் பக்கம்னு சாகற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற.”

“மனசுல இல்லாதது வாயில வருமா? ஒரு இடத்துல தடுமாறினானா அவன்?”

“பாகம் பிரிக்கிறதுன்னாலும் கூடப்பிறந்தவங்க எல்லாரும் உக்காந்து பேசித்தானேப்பா பிரிக்கணும்?”

“சேரும்போது நம்ம சட்டசபையைக் கேட்டாப் போதும், போகும்போது மட்டும் நாட்டையே கேக்கணுமோ? இது என்னம்மா நியாயம்? என் உயிர் போனாலும் அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!”

மகள் மருந்துக் கடைக்குக் கிளம்பினாள்.

“உங்களைப் பாத்துக்க வந்தவர் பக்கத்துலயேதான் இருக்கார். அவருக்கு வாய் பேச வராதுன்னு சொன்னேன்ல? வேணுங்கறதைக் கேளுங்க, செய்வார்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெந்நீரில் நனைத்த துணி பெரியவரின் முதுகில் பதமாக ஊர்ந்தது. பிறகு நகம் வெட்டிவிட்டு, பாதத்தைப் பிடித்துவிடத் தொடங்கின அந்தக் கைகள்.

“சுகமா இருக்குப்பா,” என்றார் பெரியவர். “உன் பிள்ளை நம்மள வித்துட்டான்னு ஊர்ல எல்லாரும் என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. தலை காட்ட முடியல. படுபாவி, அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு எத்தனை தெரு சுத்தியிருப்பேன்!”

பிடித்துவிட்ட கைகள் சட்டென்று நின்றன.

“ஏன் நிறுத்திட்டே? உனக்கும் அவன் மேல கோபமா? வேணாம்பா. நான் திட்டலாம், நீ திட்டக் கூடாது. அவன் என் பிள்ளை.”

கைகள் மறுபடி அசையச் சற்று நேரம் ஆயிற்று.

“நாளைக்குக் கட்டைப் பிரிச்சிடுவாங்க. முதல்ல உன் முகத்தைத்தான் பாக்கணும். உன்னைப் பெத்தவன் குடுத்து வச்சவன்பா. ஆண்டவன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்.”

சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார்.

போர்வையை இழுத்து அவர் மார்புவரை போர்த்திவிட்டு, கட்டுப் பிரிப்பதற்குள் ஊர் தாண்டிவிட வேண்டும் என்று பின்வாசல் வழியாக இறங்கினார் மகன். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் ஊமையாக இருந்தார். வாய் திறக்க முடிந்திருந்தாலும், அந்த ஐந்து பேரில் ‘பிரிந்து போகலாம்’ என்று எழுதிய ஒரே நீதிபதி தாம்தான் என்பதை அவரால் சொல்லியிருக்க முடியாது.