நடுவர் குமரகுரு

"உடம்புல எலும்பு எத்தனைன்னு கேட்டா முழிக்கிறான். இவனுக்குக் கதை எதுக்கு, நாடகம் எதுக்கு?"

காலேஜ் மீட்டிங்கில் நான் இப்படிக் கேட்டதும் கைதட்டல் விழுந்தது. தட்டியது இரண்டே பேர். அதிலும் ஒருவர் கொசு அடித்திருக்கலாம்.

நான் டாக்டர் குமரகுரு. பொது மருத்துவத் துறைத் தலைவர். காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் மருத்துவக் கல்லூரியில், மாணவர்களுக்கு இலக்கியம், நாடகம் என்று வாரம் ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். நடத்துவது புவனேஸ்வரி மேடம், தமிழ் எம்.ஏ.

என் வாயை அடைக்கவோ என்னவோ, அந்த வகுப்பின் நாடகப் போட்டிக்கு டீன் என்னையே நடுவராகப் போட்டுவிட்டார்.

மூன்றாவது நாடகம். டாக்டராக விக்னேஷ். காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஆட்டோ டிரைவராக ஜெயப்ரியா.

"சார், பிரேக்கு மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்ல சார்."

"சுகர் எவ்ளோ?" விக்னேஷ் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முந்நூறு சார். செருப்பு கழண்டு எங்கியோ வுழுந்துட்டுது, அதுகூடத் தெரியல சார்..."

"வேற செருப்பு வாங்கிக்கோ. அதே மாத்திரை. நெக்ஸ்ட்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எத்தனை மார்க் போடுவேன் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என நினைத்து, முகத்தை இன்னும் கம்பீரமாக வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

"சர்க்கரை நோயாளி, செருப்பு கழண்டது தெரியலைங்கிறான். உடனே காலைப் பார்க்க வேண்டாமா? இப்படி ஒரு டாக்டர் உலகத்துல உண்டா? மிகைப்படுத்தல்! பத்துக்கு ரெண்டு மார்க்!"

புவனேஸ்வரி மேடம் தயங்கி எழுந்தார். "மிகை இல்லை சார். நம்ம ஆஸ்பத்திரி ஓபியில நடந்ததுதான்."

"யார் அந்த டாக்டர்? பேரைச் சொல்லுங்க. இப்பவே மெமோ குடுக்கறேன்!"

விக்னேஷ் குனிந்து தன் ஷூவை ஆராய்ந்தான்.

"பேரைச் சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கோம் சார்" என்றார் மேடம்.

"யாருக்கு?"

"எனக்குதான் சார்" என்றபடி கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வலது காலில் பெரிய கட்டு. தாங்கித் தாங்கி மேடைப் பக்கம் வந்தார்.

"என் பேரு யேசுதாஸ். சின்ன காஞ்சிபுரத்துல ஆட்டோ ஓட்டுறேன். உள்ளங்காலுல ஆணி குத்தி சீழ் புடிச்சிருந்திச்சு, எனக்குத் தெரியவேயில்ல. இந்த ஜெயப்ரியாப் பொண்ணுதான் ஓபி வாசல்ல என்னைக் குந்தவச்சு, சொன்னதெல்லாம் கேட்டுக்கினு இருந்துட்டு, காலைத் தூக்கிப் பார்த்திச்சு. இல்லேன்னா முழங்காலோட போயிருக்கும்னாங்க. ஒரு வெரலோட போச்சு."

"அப்படிப்பட்ட டாக்டரை நீங்க ஏன் காப்பாத்தறீங்க?" என்று மைக்கில் முழங்கினேன்.

யேசுதாஸ் மேடையேறி என் பக்கத்தில் வந்தார். முதலில் மைக்கைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"நாலு தபா வந்தேன் சார், உங்ககிட்டதான். நாலு தபாவும் நீங்க தலையே நிமித்தல. ஊட்ல எதனா பெரிய கஷ்டம்போல, பாவம்னு நெனச்சுக்கினேன்."



அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இப்ப பரவாயில்லையா சார்?"