முறுக்குப் பார்சல்

தொண்ணூற்றிரண்டு பங்குனியில் கணக்காளர் பத்மநாதன் இங்கிலீசுக்காரர் ஊரில், செவன் கிங்ஸில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். ஒன்பது மாதம் கனடாவில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் சனம் நம்பியது. நம்பவைத்தவள் அவருடைய மனைவி கலாவதி.

மனிதர் இருந்தது சிறையில். இல்லாத கடைகளின் பெயரில் இல்லாத பில்லுகளைப் போட்டு, கட்டாத வரியை அரசாங்கத்திடம் திருப்பி வாங்கிய மகா கெட்டிக்காரர். அத்தனை பில்லையும் ஒரே டைப்ரைட்டரில் அடித்ததுதான் அந்தக் கெட்டித்தனத்தின் உச்சம். நீதிபதி அதை ரசித்துப் பதினெட்டு மாதம் கொடுத்தார். பாதியில் விட்டுவிட்டார்கள்.

சிறை அவருக்கு நல்ல பாடம் புகட்டியிருந்தது. இனிப் பொய் சொல்லக்கூடாது என்ற பாடமல்ல. சொன்னால் விவரத்தோடு சொல்லவேண்டும் என்ற பாடம்.

ஒரே ஒரு சங்கடம். கனடா போகிறவரை வெறுங்கையோடு போகவிட எங்கள் சனத்துக்கு மனம் வருமா? தீர்ப்புக்கு முந்தின வாரமே ஆளுக்கொரு பார்சலோடு வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு மிளகாய்த்தூள், அக்காவுக்குச் சேலை. கலாவதி எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினாள், அவருடைய பெட்டியில் இடமில்லை என்று ஒரு வரியும் எழுதி. எல்லாம் போய்ச் சேர்ந்தன. அஞ்சலீனா தன் கணவன் சூசைதாசனுக்குக் கொடுத்த முறுக்குப் பார்சல் மட்டும் திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லையாம். வீணாக்குவானேன் என்று வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள்.

அந்த அஞ்சலீனா சனிக்கிழமை மத்தியானம் வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். கலாவதி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கலாவதியின் மகளுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் கல்யாணப் பேச்சு முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாயும் அஞ்சலீனாவும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். இவளுக்குச் சந்தேகம் வந்தால் கல்யாணம் அவ்வளவுதான்.

"அவருக்குப் பார்சல் கிடைச்சதோ, அண்ணை?"

"என்ன கேள்வி தங்கச்சி. நானே கொண்டுபோய்க் கையிலை குடுத்தனான்."

பிறகென்ன, பாடம் படித்தவர் அவிழ்த்துவிட்டார். ஸ்காபரோவில் பதினோராம் மாடியாம், லிஃப்ட் வேலை செய்யவில்லையாம். சூசைதாசன் தாடி வளர்த்திருக்கிறாராம். முறுக்கை மணந்து பார்த்தவுடன் கண் கலங்கிவிட்டாராம். இருவரும் இருந்து மீன் பொரியலோடு சோறு சாப்பிட்டார்களாம். சொல்லச் சொல்லப் பத்மநாதனே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

"தாடியோ?" என்று மட்டும் அஞ்சலீனா ஒருமுறை கேட்டாள்.

நம்பிவிட்டாள். உச்சி குளிர்ந்துபோன மனிதர் அதோடு நிறுத்தினாரா? அடுத்த மாதமும் கனடா போவதாகவும், சூசைதாசனுக்கு இன்னொரு பார்சல் தந்தால் சந்தோஷமாகக் கொண்டுபோவதாகவும் சொல்லிவைத்தார்.

அஞ்சலீனா கைப்பையைத் திறந்து, ஒரு கடதாசியை எடுத்து மேசையில் விரித்தாள். சிறைக்குப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. ஒன்பது மாதமாகக் கலாவதி ஒளித்து ஒளித்துக் கொண்டு திரிந்ததும் இதே மாதிரிச் சீட்டுத்தான். கைதியின் பெயர் என்ற இடத்தில் சூசைதாசன் என்று இருந்தது.

"பார்சல் வேண்டாம், அண்ணை. அக்காவை அங்கை வாசலிலை நான் கண்டனான். முறுக்கெல்லாம் அங்கை உள்ளுக்கு விடமாட்டாங்கள். உங்களுக்குத் தெரியாததோ?"