காதுவெட்டு

மலையிலிருந்து இறங்கிய ஆடுகளை, உரிமையாளர் அடையாளமான காதுவெட்டைப் பார்த்து அவரவர் பட்டிக்குப் பிரித்துக்கொண்டிருந்தோம். என் பட்டி காலி. போன குளிர்காலத்தில் கணவர் ஸ்டெய்ன்தோர் இறந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். நாளை ரெய்க்யவிக்குக்குக் குடிபோகிறேன்.

மழை விட்டு, வேலிக்கு அப்பால் வானவில் கால் ஊன்றியது. அங்கிருந்து ஒரு குட்டி வந்தது.

"ஹில்டூர், இது உன் வீட்டுக்காரர் வெட்டும்மா," என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்டார்.

"இந்த வருஷக் குட்டிக்கு அவர் எப்படி வெட்டுவாரு?"

குளம்புகள் கருகியிருந்தன. வானவில் தேவர்களின் பாலம், அதன் சிவப்பு நெருப்பு என்பார்கள்.

"போன இடத்துலயும் ஆடுதானா இந்த மனுஷனுக்கு? என்னை நிம்மதியா விடவே மாட்டாரா?"

விரட்டுவதற்காகக் காதைப் பிடித்தேன். என் விரல்களெல்லாம் ரத்தம். வெட்டு இன்னும் காயவில்லை.