ஈறுக்குள் இருக்கும் வயது

“பத்தொன்பது” என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் கேட்டது பெயரை.

பிறகுதான் பெயர் வந்தது. செவ்வந்தி.

இரண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டாள் டாக்டர். இருபது வருடமாகப் பல் பார்க்கிறவள். சந்தேகப் பிராணி என்று வீட்டில் பெயர் வாங்கியவள். பால்காரர் சிரித்தாலும் எக்ஸ்ரே கேட்பாள் என்பான் கணவன்.

செவ்வந்தியைக் கூட்டி வந்திருந்தவள் மாப்பிள்ளையின் அக்கா. பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் வரவில்லை.

“பத்து நாள்ல கல்யாணம் டாக்டர். சிரிச்சா ஓட்டை தெரியுது. போட்டோவுக்கு நல்லாவா இருக்கும்? ஒரு பல்லை வச்சு விட்டுருங்க.”

மேல்வரிசையில் கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலி.

எக்ஸ்ரேயில் பல் இருந்தது. வெளியே வர வழியில்லாமல், ஈறுக்குள் அண்ணத்தை ஒட்டிச் சாய்ந்து படுத்திருந்தது. ஈறைக் கீறி, பல்லில் கொக்கி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கலாம். ஒன்றரை வருடம் பிடிக்கும்.

வழக்கமாக அதோடு படத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

இன்று கண் கடைவாய்க்குப் போனது.

ஞானப்பற்கள் நான்கும் எலும்புக்குள் வெறும் தொப்பிகளாக இருந்தன. வேரே விடவில்லை.

பத்தொன்பது வயதில் வேர் முக்கால்வாசியாவது இறங்கியிருக்கும்.

ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். இரண்டு வருடம்கூட இருக்கலாம்.

ஐந்து வருடமா?

ஆதார் அட்டை கேட்டால் அந்த அக்கா எழுந்து போய்விடுவாள். ஊரில் வேறு பல் டாக்டரா இல்லை?

“அளவு எடுக்கணும். நீங்க வெளிய உட்காருங்க.”

“பரவால்ல, இங்கயே நிக்கிறேன்.”

கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அக்கா.

டாக்டர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, பல் அச்சு எடுக்கும் மாவைத் தட்டில் நிரப்பி செவ்வந்தியின் வாய்க்குள் அழுத்தினாள். எச்சில் உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். அது போடும் இரைச்சலில் கதவருகே நிற்பவருக்கு எதுவும் கேட்காது.

செவ்வந்தியின் காதருகே குனிந்தாள்.

“எத்தனாவது படிக்கிறே?”

வாய் நிறைய மாவு. பேச முடியாது.

வாய்க்குத்தான் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மடியில் கிடந்த கைகள் மெல்ல விரிந்தன. இடது கையில் ஐந்து விரல். வலது கையில் நான்கு.

மாவு இறுகியது. தட்டை வெளியே எடுத்தாள். அச்சு ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமாக விழுந்திருந்தது.

செவ்வந்தி இன்னும் விரல்களை மடக்கவில்லை.

டாக்டர் மெஷினை நிறுத்தினாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

“அளவு சரியா வரலைங்க. மறுபடி எடுக்கணும். அரை மணி நேரம் ஆகும்.”

புது மாவு எடுக்கப் பின்னறைக்குப் போனவள், கதவைத் தாழிட்டுவிட்டுக் கைபேசியில் குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.